கயிற்றை இழுப்பவரும் ஓடி வருபவரும்

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டியிருக்கும் ஊர் ஃப்ரீமாண்ட். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கார் தொழிற்சாலையைத் திறந்து 1982-இல் இழுத்து மூடியது. ஏன் மூடினீர்கள் என்று கேட்டால் நிர்வாகத்திடம் பதில் தயாராக இருந்தது: ஆட்கள் சரியில்லை. அந்தப் பதிலைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். சில நாட்களில் கார் பூட்டும் லைனை ஓட்டுவதற்கே ஆள் போதாமல், எதிரே இருந்த மதுக்கடைக்குப் போய் ஆள் பிடித்து வந்ததாகப் பழைய ஊழியர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். வேலை நேரத்தில் குடி, சூதாட்டம் எல்லாம் உண்டு. மேலாளர் மீது கோபம் வந்தால், காரின் கதவுக்குள் காலி கோக் பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். வாங்கியவர் அந்தக் காரை ஓட்டும் காலமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு சத்தத்தோடு வாழவேண்டியதுதான்.

1984-இன் கடைசியில் அதே கட்டடத்திலிருந்து மறுபடி கார்கள் வெளிவந்தன. இந்தமுறை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம். சுருக்கப் பெயர் நும்மி. நடத்தும் பொறுப்பு டொயோட்டாவினுடையது. தொழிற்சங்கம் மாறவில்லை, அமெரிக்க வாகனத் தொழிலாளர்களின் அதே யு.ஏ.டபிள்யூ. புதிதாக எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் மூடப்பட்ட ஆலையின் பழைய ஆட்கள். சண்டைக்காரர்கள் என்று பெயரெடுத்திருந்த சங்கத் தலைவர்களும் அதில் அடக்கம். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டில் பலர் சிரித்திருப்பார்கள். ஆனால் வராமை விகிதம் மூன்று, நான்கு சதவீதத்துக்கு இறங்கியது. 1980-களின் நடுவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் ஒரு காரைப் பூட்டி முடிக்க 31 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. ஜப்பானில் டொயோட்டாவின் தகவோகா ஆலையில் 16 மணி நேரம். நும்மியில் 19. நூறு கார்களுக்கு இத்தனை குறைகள் என்ற கணக்கில் ஃப்ரேமிங்ஹாம் 130, தகவோகா 45, நும்மியும் அதே 45.

மேலாண்மை வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்பவர்கள், தலைமை மாறியது, ஆட்கள் திருந்தினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அம்பத்தூரிலிருந்து ஒரகடம் வரை, வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளிலேயே என் வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். எனக்கு அந்த ஒற்றை வரி பாதிக் கதையாகத்தான் படுகிறது. ஆட்கள் தலைவர்களை என்ன செய்தார்கள் என்ற மறுபாதியை யாரும் சொல்வதில்லை.

அதைச் சொல்வதற்கு முதலில் அந்தக் கயிற்றைப் பார்க்கவேண்டும்.

அந்தக் காலத்து டொயோட்டா ஆலைகளில் லைன் நெடுக, தலைக்கு மேலே எட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடும். ஆண்டன் கயிறு என்பார்கள். வேலையில் ஏதாவது தப்பினால், போல்ட் சரியாக இறங்கவில்லை, பாகம் பொருந்தவில்லை, நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை என்றால், அந்த இடத்தில் நிற்பவர் அதை இழுக்கவேண்டும். இழுத்தவுடன் லைன் நின்றுவிடாது. லைனுக்கு மேலே தொங்கும் விளக்குப் பலகையில் அந்த இடத்தின் எண் மஞ்சளாக எரியும், ஒரு சின்ன மெட்டு ஒலிக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மெட்டு. சத்தத்தைக் கேட்டே யாருடைய ஆட்கள் அழைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அந்த இடத்தின் கோட்டைத் தாண்டுவதற்குள் இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் மறுபடி ஒரு இழுப்பு, அழைப்பு ரத்து, லைன் பாட்டுக்கு ஓடும். முடியாவிட்டால் மட்டுமே நிற்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிகிற காரியம்.

ஓடி வருகிற அந்தக் குழுத் தலைவர் யார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அவர் மேலாளர் இல்லை. அவரும் மணிக்கூலி வாங்கும் சங்க உறுப்பினர்தான், சிறிது கூடுதல் கூலி. அவருக்குக் கீழே ஐந்தாறு பேர்தான். ஐந்தாறு பேருக்கு ஒருவர் என்றால் கூப்பிட்டால் வர முடியும். நம் ஊரில் நாற்பது பேருக்கு ஒரு சூப்பர்வைசரைப் போட்டுவிட்டு, மேல்நாட்டு முறையைக் கொண்டுவந்துவிட்டோம் என்று பலகை மாட்டிக்கொள்கிறோம். கூப்பிட்டால் அவரால் வர முடியாது. வர முடியாத மனிதர் கூப்பிடுகிறவர் மீது எரிந்து விழுவார். அதைப் பார்த்து, அந்த ஆளுடைய சுபாவமே அப்படி, சர்வாதிகாரி என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

பழைய ஃப்ரீமாண்டில் எழுதப்படாத சட்டம் ஒன்றுதான்: லைன் நிற்கக்கூடாது. குறையுள்ள கார் போனால் போகட்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சட்டத்தில் ஊறிய ஆட்களை நானூறு பேருக்கும் மேல் குழு குழுவாக ஜப்பானுக்கு அனுப்பி, தகவோகாவில் லைனில் நிற்கவைத்தார்கள். அங்கே அவர்களை அசைத்தது விரிவுரைகள் இல்லை. கயிற்றை இழுத்தால் ஒருவர் ஓடி வந்து, திட்டாமல், உதவி செய்துவிட்டுப் போகிறார் என்பதைத் தங்கள் உடம்பால் அனுபவித்தார்கள். அவர்களை அனுப்பிப் பயிற்றுவிக்கும் வேலையில் இருந்த ஜான் ஷூக் பிற்பாடு எழுதியதும் இதைத்தான். மனத்தை மாற்றி நடத்தையை மாற்றுவதைவிட, நடத்தையை மாற்றினால் மனம் பின்னால் வரும் என்பது அவர் கண்டது.

மறுபாதி இங்கேதான் தொடங்குகிறது. கயிறு இழுக்கப்பட இழுக்கப்பட, மேலாளரின் வேலை உருமாறுகிறது. பழைய ஆலையில், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை விநாடி என்று முடிவுசெய்ய, கையில் ஸ்டாப்வாட்சுடன் தொழில்துறைப் பொறியாளர்களின் ஒரு படையே இருந்தது. நும்மியில் அந்த ஸ்டாப்வாட்ச் தொழிலாளர்களின் கைக்குப் போனது. குழுவில் ஒருவர் செய்ய மற்றவர் நேரம் பார்த்து, எந்த வரிசையில் செய்தால் எளிது என்று தாங்களே எழுதிவைத்தார்கள். அப்படி எழுதத் தெரிந்த ஆட்களிடம் போய், நான் சொன்னதைச் செய் என்று ஒரு மேலாளர் எத்தனை நாள் பேசிக்கொண்டிருக்க முடியும்? அவர்கள் காகிதத்தை எடுத்துக் காட்டுவார்கள். அவர் விவாதிக்கக் கற்றுக்கொண்டாக வேண்டும். நும்மியின் இரண்டாவது தலைவர் கான் ஹிகாஷி, அமெரிக்கரான கேரி கான்விஸை துணைத் தலைவராக உயர்த்தியபோது, உனக்கு அதிகாரமே இல்லை என்று நினைத்துக்கொண்டு நிர்வாகம் செய்வதுதான் உனக்கு முன்னால் இருக்கும் பெரிய சவால் என்றாராம். இதை ஜப்பானிய ஞானமாக எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு இது அந்த ஆலையின் நிலவரத்தைச் சொன்ன சாதாரண வாக்கியமாகவே தோன்றுகிறது. சங்கம் வலுவாக இருக்கிறது, எவரும் லைனை நிறுத்தலாம், வேலையின் அளவுகோலை எழுதுவது அவர்களே. அங்கே அதட்டல் பலிக்காது. பலிக்காத கருவியை மனிதர்கள் கொஞ்ச நாளில் கீழே வைத்துவிடுவார்கள்.

தலைமைப் பாணியைச் சட்டை மாதிரி நினைக்கிறோம். இவர் கண்டிப்பானவர், அவர் அரவணைப்பவர், இன்னொருவர் எல்லாரையும் கலந்து பேசுபவர் என்று ஆளுக்கு ஒன்றைப் போட்டுவிட்டுப் பார்க்கிறோம். 1968-இல் ஏரன் லோவின், ஜேம்ஸ் கிரெய்க் என்ற இருவர் செய்த ஒரு பரிசோதனை இந்த நினைப்பைக் கவிழ்த்தது. மேற்பார்வை வேலைக்கென்று ஆட்களை வரவழைத்து, ஒவ்வொருவருக்கும் கீழே ஓர் ஊழியரைக் கொடுத்தார்கள். அந்த ஊழியர் ஆய்வாளர்களோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டவர். சிலரிடம் வேலையில் கெட்டிக்காரராக நடித்தார், சிலரிடம் ஒன்றுக்கும் உதவாதவராக நடித்தார். கெட்டிக்காரர் கிடைத்த மேற்பார்வையாளர்கள் இதமாகப் பேசினார்கள், அவர் போக்கில் விட்டார்கள். உதவாதவர் கிடைத்தவர்கள் தலைக்குமேல் நின்று கண்காணித்தார்கள், இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று சட்டம் போட்டார்கள், முகம் கடுத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர், கடுமையான தலைவருக்குக் கீழே வேலை மோசமாக இருக்கிறது, ஆகவே கடுமைதான் காரணம் என்று எழுதிவிடுவார். அந்த அறையில் காரணம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

இதைப் படித்துவிட்டு முதலாளிகள் மகிழ்ந்துபோக வேண்டாம். கீழே இருப்பவர் மந்தமாக இருப்பதே பலமுறை மேலே இருப்பவர் நேற்று செய்ததன் விளைவு. அந்தப் பரிசோதனையில் நடிப்பைத் தொடங்கிவைத்தவர்கள் ஆய்வாளர்கள். தொழிற்சாலையில் யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது.

நான் பார்த்த ஒரு லைன். பெயர் வேண்டாம். பிரேக் பாகங்களைக் கடைந்து துளையிடும் இடம். ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு பொத்தான், மேலே பச்சை, சிவப்பு விளக்கு. புதிதாக வந்த டிப்ளமா பையன் ஒருவன், துளையின் விளிம்பில் பிசிறு நிற்கிறது என்று பொத்தானை அழுத்தினான். சிவப்பு எரிந்தது. சூப்பர்வைசர் வேகமாக வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "யார் அழுத்தியது?"

அவ்வளவுதான். திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. பிசிறைப் பார்த்தார், டூலை மாற்றச் சொன்னார், போய்விட்டார். ஆனால் சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்த லைனில் மாதக்கணக்கில் பச்சை விளக்குதான். குறையுள்ள பாகங்களைக் கழிவுப் பஞ்சுக் கூடைக்கு அடியில் போட்டு, மேலே எண்ணெய்ப் பஞ்சைப் பரப்பிவைத்துவிட்டு, ஷிப்ட் முடிந்து சாவகாசமாக எடுத்து அப்புறப்படுத்துவார்கள். மேலாளரோ, வாடிக்கையாளர் தணிக்கைக்கு வந்தால் அந்த லைனுக்குத்தான் முதலில் அழைத்துப் போவார். பாருங்கள், எப்போதும் பச்சை. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினார். என் கதவு எப்போதும் திறந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம் என்பார். ஒருவரும் போய்ச் சொல்லாததால், சொல்ல ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டார். பிறகு வாடிக்கையாளரிடமிருந்து ஒருநாள் புகார் வந்தது. அப்போது அவருக்கு வந்த கோபம் ஏமாற்றப்பட்டவரின் கோபம். எல்லாரையும் நிற்கவைத்துக் கத்தினார். அன்றோடு, மிச்சமிருந்த ஒன்றிரண்டு வாயாடிகளும் அடங்கிப்போனார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? மேலாளரின் கடுமை ஆட்களின் மௌனத்தை வளர்த்தது, அவர்களுடைய மௌனம் அவரை இன்னும் கடுமையாக்கியது. உள்ளே நிற்கும் இரண்டு தரப்பும் சத்தியம் செய்து சொல்லும், அவர்கள்தான் முதலில் தொடங்கினார்கள் என்று.

அந்த சூப்பர்வைசரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்ட மனிதர் இல்லை. ஆபரேட்டராக இருந்து மேலே வந்தவர். தினமும் காலை எட்டரை மணிக் கூட்டத்தில் பலகைமுன் நிற்பார். அதில் லைன் நின்ற நிமிடங்கள் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எண் இருந்தால் மேலாளர் கேட்கும் முதல் கேள்வியும் "யார்?" என்றுதான் தொடங்கும். மாலையில் லைனில் அவர் கேட்டது, காலையில் அவரிடம் கேட்கப்பட்டதே. நிறுவனத்தின் உச்சியில் இருக்கும் ஒருவரைத் தவிர எல்லாத் தலைவர்களும் வேறொருவருக்குப் பின்னால் நடப்பவர்களே என்பதைத் தலைமைப் பண்பு பற்றிப் பேசுபவர்கள் எப்படியோ மறந்துவிடுகிறார்கள்.

அதே லைனில் இரவு ஷிப்டுக்கு வேறொருவர் வந்தார். விளக்கு எரிந்தால் வந்து, "என்ன ஆயிற்று?" என்பார். அளவு சரிபார்க்கும் கேஜை வாங்கித் தானே ஒருமுறை போட்டுப் பார்ப்பார். "சரி, இன்னொரு முறை வந்தாலும் அழுத்து தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார். இதைக் கேட்டு எல்லாரும் உடனே மனம் மாறிப் பொறுப்பானவர்கள் ஆகிவிட்டார்கள் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நடந்தது வேறு. மின்விசிறி ஓடவில்லை என்று அழுத்தினார்கள். டீ இன்னும் வரவில்லை என்று அழுத்தினார்கள். ஒருவன், சும்மா, வருகிறாரா என்று பார்ப்பதற்காகவே அழுத்தினான். முதல் சில வாரங்களில் அவர் முகம் இறுகிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அவர் வாயிலும் அந்த "யார்?" வந்திருக்கும்.

காப்பாற்றியது, வயதில் மூத்த ஓர் ஆபரேட்டர். சாப்பாட்டு நேரத்தில் பையன்களிடம் அவர் சொன்னது இதுதான்: "டேய், எதற்கெடுத்தாலும் அந்த மனிதரைக் கூப்பிடாதீர்கள். கேஜைப் போட்டுப் பாருங்கள், இரண்டு பாகம் தொடர்ந்து தப்பினால் கூப்பிடுங்கள். இவரையும் கெடுத்துவிட்டால் அப்புறம் பகல் ஷிப்ட் கதைதான் நமக்கும்." அந்தப் பேச்சுக்குப் பிறகு வந்த அழைப்புகள் குறைந்தன, ஆனால் ஒவ்வொன்றும் உண்மையான அழைப்பு. உண்மையான அழைப்புகளே வந்ததால் அவர் ஓடி வருவதும் நிற்கவில்லை. ஒரு நல்ல தலைமைப் பாணியைக் கீழே இருப்பவர்கள் திட்டமிட்டுப் பாதுகாத்ததை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். நிர்வாகத்தின் எந்தக் கோப்பிலும் இது இருக்காது. இரவு ஷிப்ட் சூப்பர்வைசருக்கு ஆண்டுவிழாவில் பரிசு கொடுத்தார்கள். கொடுக்கவேண்டியதுதான். அந்த மூத்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

நம் ஊர்ச் சூழலில் இன்னொரு பின்னலும் உண்டு. பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜெ.பி.பி. சின்ஹா, 1980-இல், இந்திய நிறுவனங்களில் எடுபடும் தலைமை எது என்று ஆராய்ந்து ஒரு வடிவத்தைச் சொன்னார். அரவணைக்கவும் வேண்டும், வேலையில் விட்டுக்கொடுக்கவும் கூடாது. வேலை செய்பவருக்கே அன்பு. அமெரிக்கப் பாடநூல்கள் புகழும் கலந்துபேசும் தலைமை இங்கே நேரடியாக ஒட்டாததற்கு அவர் சொன்ன காரணம், கீழே இருப்பவர்களின் எதிர்பார்ப்பு. நம்மவர்கள் மேலதிகாரியிடம் உறவை எதிர்பார்க்கிறார்கள், சார்ந்து நிற்க விரும்புகிறார்கள், படிநிலையை ஏற்கிறார்கள். தங்கை கல்யாணத்துக்கு சார் வருவாரா, மாட்டாரா என்பது இங்கே தலைமைப் பாணியின் ஒரு பகுதி. ஆனால் சின்ஹா அத்தோடு நிறுத்தவில்லை. ஆட்கள் முதிர முதிர அந்தத் தலைவர் அரவணைப்பைத் தளர்த்தி, முடிவுகளில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கு நகரவேண்டும் என்றார். இந்த இரண்டாம் பாதியை நடைமுறையில் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அண்ணன் போல இருக்கும் மேலாளருக்கு, தம்பிகள் தம்பிகளாகவே இருப்பது பிடித்துப்போகிறது. தம்பிகளுக்கும் வசதி, தப்பு நடந்தால் அண்ணன் பார்த்துக்கொள்வார். இந்த இனிமையான ஏற்பாட்டில் ஒருவரும் குரல் உயர்த்துவதில்லை, கதவைச் சாத்துவதில்லை, ஆனாலும் பொத்தான் அழுத்தப்படாமலே கிடக்கும். அண்ணன் மனம் நோகும் அல்லவா.

நும்மிக்குத் திரும்புகிறேன். அந்தக் கதையில் இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்க்காவிட்டால் அது விளம்பரமாகிவிடும்.

ஒன்று, அந்தத் தொழிலாளர்கள் கயிற்றை இழுக்கத் துணிந்ததற்குப் பின்னால் எழுத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது. நிறுவனத்தின் இருப்புக்கே ஆபத்து வந்தாலொழிய ஆட்குறைப்பு கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. 1988 வாக்கில் விற்பனை சரிந்து, ஆலையின் கொள்ளளவில் அறுபது சதவீதத்துக்கும் கீழே உற்பத்தி போனபோது, யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சியிலும் சீரமைப்பு வேலைகளிலும் வைத்திருந்தார்கள். அன்றுதான் பலர் முழுதாக நம்பினார்கள். இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்த அனுபவமும் சேர்ந்துகொண்டது. பசித்தவர்கள் புதுமுறையைக் கற்க அதிகம் அடம்பிடிக்க மாட்டார்கள். எல்லாரும் மகிழ்ச்சியாகவும் இல்லை. இதை அழுத்தத்தால் நடக்கும் நிர்வாகம் என்று தொழிற்சங்கச் சார்பு எழுத்தாளர்களான மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988-இலேயே விமர்சித்தார்கள். ஒரு நிமிடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட விநாடிகளை வேலை விழுங்கிவிட்டால் மூச்சுவிட நேரம் எங்கே என்று சங்கத்துக்குள்ளேயே ஓர் அணி கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்டாப்வாட்ச் தன் கையில் இருந்தாலும் ஓட்டம் ஓட்டம்தான்.

இரண்டு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வான் நைஸ் என்ற இடத்தில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு ஆலை. நும்மியைப் பார்த்து அங்கேயும் குழுமுறையைக் கொண்டுவந்தார்கள். முறையின் வெளித்தோற்றம் வந்தது. மேலாளர்கள் மட்டும் பழையபடியே, எத்தனை கார் வெளியே போயிற்று என்ற கணக்கில் அளக்கப்பட்டார்கள். லைன் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை. தொழிலாளர்களிலும் பாதிப் பேர் இதை முதலிலேயே எதிர்த்தவர்கள். இது சங்கத்தை உடைக்கும் தந்திரம் என்று நினைத்தார்கள். மேலாளர்களின் பழைய போக்கு அவர்கள் சந்தேகத்தை மெய்யாக்கியது. அவர்களுடைய சந்தேகம், இவர்களை நம்ப முடியாது என்ற மேலாளரின் எண்ணத்தை மெய்யாக்கியது. 1992-இல் அந்த ஆலை மூடப்பட்டது.

இந்தியாவிலும் தூரம் போகவேண்டாம். 1983-இல் மாருதி, சுசுகியின் வழக்கப்படி மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே உணவுக்கூடம் என்று தொடங்கியபோது அது பெரிய புதுமை. ஹரியானாவில் உள்ள அதே நிறுவனத்தின் மானேசர் ஆலையில், 2011-இல், தொழிலாளர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கேட்டுப் போராடியபோது, நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்று நிர்வாகம் நின்றது. பின்பற்றுதலைக் கையெழுத்தாக வாங்கிவிடலாம் என்ற நினைப்பு. 2012 ஜூலை 18 அன்று அந்த ஆலையில் வெடித்த வன்முறையில் மனிதவள மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கொலைக்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். சீருடை கடைசிவரை ஒன்றாகத்தான் இருந்தது.

தலைவரும் பின்பற்றுபவரும் ஒருவரையொருவர் உருவாக்குகிறார்கள் என்று சொல்லும்போது, இருவரும் சரிசமமாக உருவாக்குவது போன்ற ஒரு தொனி வந்துவிடுகிறது. துணிச்சலுள்ள பின்பற்றுபவர் என்று இப்போது ஒரு பாராட்டு மொழியே கிளம்பியிருக்கிறது; மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். எனக்கு இதில் எரிச்சல்தான். சூப்பர்வைசர் "யார்?" என்பதை விட்டு "என்ன?" என்று கேட்டால் அவருக்கு என்ன நஷ்டம்? காலைக் கூட்டத்தில் கொஞ்சம் சங்கடம். டிப்ளமா பையன் பொத்தானை அழுத்தி, அது தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்தால் அவனுக்கு என்ன நஷ்டம்? வேலை. வீட்டுக்கு அனுப்பும் பணம். பைக்குக்குக் கட்டும் தவணை. செல்வாக்கு இரண்டு பக்கமும் பாய்கிறது, விலை ஒரு பக்கம்தான் கூடுதல். விலை குறைவாக இருக்கும் பக்கத்திலிருந்து முதல் அடி வரட்டும்.

ஒரகடம் பக்கத்தில் இப்போது நான் போய்வரும் லைன்களில் இந்தப் பேச்சு முழுவதற்கும் அடியிலேயே ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. ஒருவரையொருவர் பழக்குவதற்கு இருவரும் கொஞ்ச காலம் சேர்ந்து இருக்கவேண்டும். லைனில் நிற்பவர்களில் பெரும்பகுதி ஒப்பந்த ஆட்கள், பயிற்சியாளர்கள். சில மாதங்களில் போய்விடுவார்கள், அல்லது ஒப்பந்தக்காரர் வேறு ஆலைக்கு மாற்றிவிடுவார். அடையாள அட்டையின் நிறத்தைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் அவர்களை அறிகிறார். பெயர் தெரிவதற்குள் ஆள் மாறிவிடுகிறது. புதிதாக வந்தவருக்கு வேலை தெரியாது, ஆகவே தலைக்குமேல் நிற்கிறார், அதட்டுகிறார். லோவினும் கிரெய்க்கும் அறைக்குள் நடத்திய நாடகம் இங்கே ஒவ்வொரு காலாண்டும் புதிய நடிகர்களோடு அரங்கேறுகிறது. சாப்பாட்டு நேரத்தில் பையன்களை உட்காரவைத்துப் பேச அந்த மூத்த ஆபரேட்டரும் இல்லை. விருப்ப ஓய்வில் போய்விட்டார்.

ஓர் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மாற்றம் பார்த்தேன். காலைக் கூட்டப் பலகையில் லைன் நின்ற நிமிடங்கள் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, அழைத்த எத்தனை விநாடியில் ஆள் போய்ச் சேர்ந்தார் என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். கூடவே, ஒரு சூப்பர்வைசருக்கு இருந்த ஆட்களைப் பாதியாக்கி, ஒப்பந்த ஆட்களையும் ஒரே குழுவில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வைத்திருக்க ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். முதல் மாதத்தில் அழைப்புகள் ஏகத்துக்கும் ஏறின, உற்பத்தி இறங்கியது. மேலிடத்திலிருந்து பழைய கட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அழுத்தம் வந்துகொண்டிருப்பதாக அங்கிருக்கும் மேலாளர் சொன்னார். இன்னும் ஒரு காலாண்டு அவகாசம் கேட்டிருக்கிறாராம். கிடைக்குமா என்று அவருக்கே உறுதியில்லை.